புல்தரையில் ஃப்ளை காஸ்டிங் பழகுவது: 9 அடி ராடு, 5-ம் எண் லைன், ஒரு துண்டு உல்லன் நூல்

ஃப்ளை காஸ்டிங் என்பது கனமான லைனை (தூண்டில் நூலை) ராடால் (தூண்டில் கோலால்) வீசி, ஃப்ளை என்ற போலிப் பூச்சியை மீனிடம் சேர்க்கும் முறை. அதைப் பழக ஆறும் வேண்டாம், மீனும் வேண்டாம். கட்டையாக வெட்டிய புல்தரை போதும். முதல் நாளே தண்ணீரில் இறங்குபவருடைய கண் மீன் மீதே இருக்கும், கை என்ன செய்கிறது என்று கவனிக்க ஆள் இருக்காது. சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பூங்காவில் வீச்சுப் பழகுவதற்கென்றே 1938-ல் கட்டிய குளங்கள் இன்றும் இருக்கின்றன. உலக வீச்சுப் பட்டத்தைப் பலமுறை வென்ற ஸ்டீவ் ராஜெஃப் அந்தக் குளங்களில் பழகி வந்தவர்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை என்பது முள்ளில் சுற்றிய இறகும் நூலும்தான். அதை எறிய முடியாது. இங்கே கனம் முழுவதும் லைனில் இருக்கிறது, அதுவும் பல மீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. அந்த நீளம் முழுவதும் முதுகுக்குப் பின்னால் நேராக நீண்டால்தான் ராடு அதன் பாரத்தைப் பிடித்து வளையும். ராடு வளைந்தால்தான் லைன் முன்னால் போகும். ஆகவே முன்வீச்சு சரியாக விழவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பின்வீச்சைத் திரும்பிப் பார்த்தீர்களா என்பதுதான். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேவையான சாமான்கள்

9 அடி (2.7 மீட்டர்) நீளமுள்ள, நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய 5-ம் எண் ராடு. நடுத்தரமாக வளைவது நல்லது. மிக விறைப்பான ராடு தொடக்கக்காரருக்கு எதையும் சொல்லித் தராது, ஏனென்றால் குறைந்த லைனில் அது வளைவதே இல்லை.

லைன் பெட்டியில் டபிள்யூஎஃப்-5-எஃப் என்று அச்சிட்டிருக்கும். முன்பக்கம் கனமானது, 5-ம் எண், மிதப்பது என்று பொருள். எண் என்பது லைனின் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கிறது. 5-ம் எண்ணுக்கு 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9.1 கிராம். 6-ம் எண்ணுக்கு 160 கிரெயின், 10.4 கிராம். இந்த 30 அடி கணக்கை (9.1 மீட்டர்) நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வெளியே விடுவது 6 மீட்டர்தான். அப்போது ராடுக்குக் கிடைப்பது முழு எடையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை, நுனிப்பக்கம் மெலிந்து போவதால் இன்னும் குறைவு. ராடு வளைவதைக் கை உணரவில்லை என்றால் 5-ம் எண் ராடில் 6-ம் எண் லைனைப் போட்டுப் பழகலாம். பயிற்சிக்கு விலை குறைந்த லைனோ பழைய லைனோ போதும். புல்லும் மண்ணும் மேல்பூச்சைத் தேய்த்துவிடும்.

லைன் நுனியில் லீடர் என்ற மெல்லிய நரம்பு அவசியம். ஏழரை அடி நீளம், படிப்படியாக மெலிந்து முனையில் 3எக்ஸ் (சுமார் 0.20 மி.மீ). லீடர் இல்லாமல் வெறும் லைனை வீசினால் நுனி சாட்டையாக அடித்து மேல்பூச்சு வெடிக்கும், லைனும் கடைசிவரை பிரிந்து நீளாது. லீடர் முனையில் முள்ளைக் கட்டக் கூடாது. ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிற உல்லன் நூலில் 2 செ.மீ துண்டைக் கட்டிப் பிரித்துவிடுங்கள். அது கண்ணுக்குத் தெரியும், காற்றில் கொஞ்சம் தடையும் தரும்.

அழியாத மார்க்கரால் லைன் நுனியிலிருந்து அளந்து 6 மீட்டரில் ஒரு கோடு, 9 மீட்டரில் இரண்டு கோடு, 12 மீட்டரில் மூன்று கோடு போடுங்கள். "நேற்று நன்றாக வந்தது, இன்று வரவில்லை" என்ற புலம்பலில் பாதி, வெளியே இருக்கும் லைனின் நீளம் மாறிப்போனதால் வருவது.

கண்ணாடியும் தொப்பியும் உல்லன் நூலோடு பழகும்போதும் வேண்டும். இடம் பார்க்கும்போது முதலில் தலைக்கு மேலே பாருங்கள். ராடு கார்பன் இழையால் ஆனது, மின்சாரம் அதில் பாயும். மின்கம்பி பக்கத்தில் பழகவே கூடாது, இடி இடித்தால் உடனே ராடைக் கீழே போட வேண்டும். 9 மீட்டர் லைன், லீடர், ராடு மூன்றையும் கூட்டினால் ஒரு பக்கத்துக்கு 14 மீட்டருக்கு மேல் வரும். பின்பக்கத்துக்கும் அதே அளவு. 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் வெறுமையாக இருக்கும் மைதானம் வேண்டும். தார்ச்சாலையும் சிமென்ட் தரையும் லைனை உப்புத்தாள் போல உரித்துவிடும், தவிர்த்துவிடுங்கள்.

ராடைப் பூட்டும்போது வளையங்கள் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். துண்டைக் கொஞ்சம் திருகலாகச் செருகி, உள்ளே தள்ளிக்கொண்டே நேராக்கினால் பிடிமானம் நன்றாக இருக்கும். வீச வீச மூட்டு தளரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள், தளர்ந்த மூட்டில்தான் ராடு பிளக்கும். லைனைக் கோக்க நுனியைப் பிடித்துத் திணறாமல், லைனை மடித்து மடிப்பையே வளையங்களுக்குள் விடுங்கள். கை நழுவினாலும் மடிப்பு விரிந்து வளையத்தில் தங்கிவிடும். கடைசியில் வளையங்களை எண்ணிப் பாருங்கள், ஒன்றைத் தவறவிடுவது எல்லோருக்கும் நடக்கும்.

ரீலில் கிடந்த லைன் சுருள் சுருளாக வரும். ஒரு மீட்டர் ஒரு மீட்டராகப் பிடித்து மெதுவாக இழுத்து நீட்டிவிடுங்கள். சுருள் இருந்தால் அது தளர்வு. தளர்வு இருந்தால் கையின் முதல் அசைவு லைனுக்குப் போய்ச் சேராது.

முதலில் படுக்கைவாட்டில்

நேராக நிமிர்த்தி வீசுவதற்கு முன் ராடைத் தரைக்கு இணையாக, இடுப்பு உயரத்தில் பிடித்து, இடமும் வலமுமாக வீசிப் பழகுவது நல்லது. காரணம் எளிது: இரண்டு பக்கமும் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும். பின்வீச்சு என்ற புதிரே இல்லை.

எதிரே 3 மீட்டர் தள்ளி ஒரு கயிற்றைத் தரையில் நேராக இழுத்துக் கட்டுங்கள். வெளியே 6 மீட்டர் லைன். ராடு நுனி அந்தக் கயிற்றின் மேலேயே இடமிருந்து வலம், வலமிருந்து இடம் போய் வரவேண்டும். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சீராகக் கூட்டி, சட்டென்று நிறுத்துங்கள். லைன் புல்லில் நீண்டு விழட்டும். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் நின்று பாருங்கள். பக்கவாட்டில் படுத்த 'ப' போல லைன் மடிந்து பிரிந்து போகும். அதுதான் லூப். ராடு நுனி நேராகப் போனால் லூப்பின் இரண்டு கால்களும் நெருங்கி இருக்கும். நுனி கயிற்றை விட்டு விலகி அரைவட்டம் அடித்தால் லூப் வாயைத் திறந்துகொண்டு போகும், பாதி வழியில் வலுவிழந்து குவியலாக விழும். நுனி எந்தப் பாதையில் போகிறதோ லைனும் அந்தப் பாதையில்தான் போகும். மற்ற எல்லாம் இதன் விரிவுதான்.

இதே பயிற்சியில் நிறுத்தத்தையும் பிடித்துவிடலாம். சுவருக்கு வெள்ளையடிக்கும் மட்டையை உதறினால் சுண்ணாம்பு பறப்பது கை ஓடும்போது அல்ல, கை நிற்கும் கணத்தில். ராடும் அப்படித்தான். வளைந்திருந்த ராடு நின்றவுடன் நிமிர்கிறது, அப்போது லைன் நுனியைத் தாண்டிப் போய் லூப் பிறக்கிறது. கை நிற்காமல் மெல்லத் தேய்ந்து ஓய்ந்தால் லூப் பிறக்காது.

நிமிர்ந்து வீசுவது

கைப்பிடியைக் குருவியைப் பிடிக்கும் அளவுக்குத்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. வீச்சு நடக்கும்போது இளக்கம், நிறுத்தும் கணத்தில் மட்டும் ஓர் இறுக்கம், உடனே மறுபடி இளக்கம். கட்டைவிரல் மேலே, நுனியை நோக்கி. வலக்கைக்காரர் வலது காலைச் சற்றுப் பின்னால் வைத்து நின்றால் கழுத்தை ஒடிக்காமல் பின்பக்கம் பார்க்கலாம். காற்று இடப்பக்கத்திலிருந்து வருமாறு நில்லுங்கள். வலப்பக்கக் காற்று லைனை உடம்பின் மேல் தள்ளும். இடக்கைக்காரருக்கு எல்லாம் மாறி.

ராடு நுனியைப் புல்லைத் தொடும் அளவுக்குத் தாழ்த்துங்கள். இடக்கை லைனைப் பிடித்திருக்க வேண்டும், ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே தொங்கல் இருக்கக் கூடாது. நுனி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தபடி தொடங்கினால், கையின் வீச்சில் நல்ல பகுதி தொங்கலை இழுப்பதிலேயே கழிந்துவிடும். பிறகு அதை ஈடுகட்ட முரட்டு பலம் வரும். கோளாறுகளின் சங்கிலி இங்கேதான் தொடங்குகிறது.

மெதுவாகத் தூக்குங்கள். கடைசி லீடர் முடிச்சு புல்லைவிட்டு எழும்வரை வேகம் வேண்டாம். எழுந்ததும் வேகத்தைக் கூட்டி, கட்டைவிரல் காதருகே வரும்போது நிறுத்துங்கள். இடப்பக்கம் பார்த்து நிற்பவரின் ராடைக் கடிகார முள்ளாக நினைத்தால், 6 மீட்டர் லைனுக்கு முன்னே பத்தரை, பின்னே பன்னிரண்டரை. 9 மீட்டருக்குப் பத்தும் ஒன்றும். 12 மீட்டருக்கு இன்னும் கொஞ்சம் விரியும். பல புத்தகங்களில் வரும் "பத்து முதல் இரண்டு" என்ற கணக்கு குறுகிய லைனுக்கு மிக அகலம். அதைப் பிடித்துக்கொண்டவர்களுடைய லூப் வாசற்கதவு அளவு இருக்கும்.

இப்போது காத்திருப்பு. திரும்பிப் பாருங்கள். உல்லன் துண்டு கடைசியாகப் புரண்டு நேராகும்போது முன்வீச்சைத் தொடங்குங்கள். மனதுக்குள் எண்ணுவது பயன்படாது, ஏனென்றால் லைன் நீண்டால் பிரிய எடுக்கும் நேரமும் நீளும். 6 மீட்டரில் பழகிய தாளத்தை 12 மீட்டரில் போட்டால் லைன் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே கை முன்னால் வந்துவிடும்.

முன்வீச்சும் அதே கதைதான்: மெதுவாகத் தொடங்கு, வேகம் கூட்டு, கண் உயரத்துக்குச் சற்று மேலே நோக்கி நிறுத்து. லைன் காற்றில் நேராகும்வரை ராடு அங்கேயே இருக்கட்டும். பிறகு விழும் லைனோடு நுனியைத் தாழ்த்துங்கள். தாழ்த்துவதை முன்கூட்டியே செய்தால் நுனியின் பாதை கீழே வளையும், லூப் திறந்துவிடும்.

ஒரு எடுப்பு, ஒரு வைப்பு. இதை மட்டும் பழகுங்கள். லைனைத் தரையில் வைக்காமல் காற்றிலேயே முன்னும் பின்னும் ஆட்டும் ஃபால்ஸ் காஸ்ட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தொடக்கத்தில் அது தவறையே பலமடங்கு பழக்கும். 15, 20 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். முன்கை களைத்ததும் மணிக்கட்டு வேலையை எடுத்துக்கொள்ளும், முழங்கை வலியும் அப்படித்தான் வரும்.

தந்தை ஜே கேமல், மகன் பில் கேமல் இருவரும் வீச்சின் அடிப்படைகளை ஐந்தாக வகுத்தார்கள்: தளர்வு குறைவாக இருப்பது, லைன் நீளத்துக்கேற்ற காத்திருப்பு, நீளத்துக்கேற்ற வீச்சு அகலம், சரியான இடத்தில் சரியான அளவு பலம், ராடு நுனியின் நேர்ப்பாதை. பயிற்சியாளர்கள் கோளாறு பார்க்கும்போது இன்றும் இந்த ஐந்தைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள்.

என்னென்ன கெடும், ஏன் கெடும்

பின்னால் 'டப்' என்று சாட்டை வெடிக்கும் சத்தம். லைன் பிரிந்து முடியுமுன் முன்வீச்சு தொடங்கிவிட்டது. முள் கட்டியிருந்தால் ஃப்ளை அறுந்து போயிருக்கும். உல்லன் துண்டு அடிக்கடி காணாமல் போனாலும் இதே காரணம்.

பின்னால் லைன் புல்லில் அடிக்கிறது. அதிகம் காத்திருந்துவிட்டோம் என்று பலர் நினைப்பார்கள். சில சமயம் அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ராடு இரண்டு மணி, மூன்று மணிவரை சாய்ந்துவிட்டது, லைனைத் தரையை நோக்கி அனுப்பியதே கைதான். காரணம் மணிக்கட்டு உடைவது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, ராடின் அடிமுனையையும் முன்கையையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். அடிமுனை முன்கையைவிட்டு விலகினால் ரப்பர் இழுத்துக் காட்டிக்கொடுக்கும். பட்டையை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே பழக வேண்டாம். மணிக்கட்டுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது, நிறுத்துமுன் கடைசிக் கணத்தில்.

லைன் முன்னே குவியலாக விழுகிறது. லூப் அகலம், அல்லது நிறுத்தம் இல்லை, அல்லது பின்வீச்சே நேராகவில்லை. மூன்றில் எது என்று முன்னால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பின்வீச்சை மட்டும் வீசி, லைனைப் பின்னாலேயே விழவிடுங்கள். திரும்பிப் போய்ப் பாருங்கள். நேர்கோடாகக் கிடந்தால் கோளாறு முன்வீச்சில். வளைந்தோ சுருண்டோ கிடந்தால் முன்வீச்சைத் தொடவே தேவையில்லை, பின்வீச்சைச் சரிசெய்தால் இது தானாகச் சரியாகும்.

லீடரில் முடிச்சு விழுகிறது. இதைக் காற்றின் மேல் பழிபோட்டு 'காற்று முடிச்சு' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். காற்றுக்கு இதில் பங்கு குறைவு. லூப்பின் மேல்கால் கீழ்க்காலைக் குறுக்கே வெட்டுகிறது, அதற்கு டெய்லிங் லூப் என்று பெயர். ராடு நுனி நடுவழியில் பள்ளத்தில் இறங்கி ஏறினால் இது வரும். நுனி ஏன் இறங்குகிறது? பலம் திடீரென்று, முக்கியமாகத் தொடக்கத்திலேயே வந்தால் ராடு சட்டென்று ஆழமாக வளைந்து நுனி தாழும். அல்லது லைன் நீளம் கூடியும் வீச்சு அகலம் பழைய அளவிலேயே இருக்கும். 9 மீட்டரில் அழகாக வீசுகிறவர் 12 மீட்டருக்குப் போனதும் முடிச்சு விழத் தொடங்குவது இதனால்தான். பலத்தைக் கூட்டினார், அகலத்தைக் கூட்டவில்லை.

மூன்றாவது காரணம் கண்ணில் படாதது. காத்திருக்கும் நேரத்தில் கை பொறுமையின்றி மெல்ல முன்னே ஊர்ந்துவிடும். ஒரு மணியில் நின்ற ராடு பன்னிரண்டு மணிக்கு வந்திருக்கும். வீச வேண்டிய தூரத்தில் பாதி அங்கேயே தொலைந்தது. மீதிப் பாதியில் முழு பலத்தையும் கொட்டினால் நுனி தாழத்தான் செய்யும். செல்போனைப் பக்கவாட்டில் நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுத்தால் இந்த ஊர்தல் பளிச்சென்று தெரியும், வேறு வழியில் நம்ப மாட்டார்கள். மருந்து: பின்னே நிறுத்தியபின், லைன் பிரியும்போது கையை ஒரு சாண் பின்னால், மேலே நகரவிடுங்கள். பின்னால் போகிற கை முன்னால் ஊர முடியாது. இன்னொரு பயிற்சியும் உண்டு: வேண்டுமென்றே டெய்லிங் லூப் போட முயலுங்கள். வரவழைக்கத் தெரிந்தவருக்கு நிறுத்தவும் தெரியும்.

விழுந்த முடிச்சைப் பார்த்தவுடன் அவிழ்க்க வேண்டும். இறுகினால் அந்த இடத்தில் நரம்பின் வலு பாதிவரை குறைந்துவிடும்.

பரீட்சை அட்டையோடு ரோல் காஸ்ட்

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கமும், மூணாறு மலைகளிலும், இலங்கையில் நுவரெலியாவை ஒட்டிய மேட்டு ஓடைகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் விட்ட ட்ரவுட் மீன்களின் வழி வந்தவை உண்டு. மலை ஓடையில் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் புதரும் சரிவும்தான், பின்வீச்சுக்கு இடம் கிடைக்காது. அங்கே கைகொடுப்பது ரோல் காஸ்ட். (காட்டுப் பகுதியில் நுழையவும் மீன் பிடிக்கவும் துறையின் அனுமதியை முதலில் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.)

ரோல் காஸ்டுக்குத் தண்ணீர் லைனைப் பிடித்துக்கொள்ளும் பிடிமானம் வேண்டும். புல்லில் அது இல்லை, லைன் வழுக்கி வந்துவிடும். கிளிப் வைத்த பரீட்சை அட்டையைத் தரையில் வைத்து, லீடர் முனையை அந்தக் கிளிப்பில் மாட்டினால் பிடிமானம் கிடைத்துவிடும். ராடை மெதுவாக உயர்த்தி ஒரு மணிக்குக் கொண்டுவந்து முழுவதுமாக நிறுத்துங்கள். லைன் தோளுக்குப் பின்னால் தொங்கி வயிறு தள்ளி நிற்க வேண்டும். நின்றபின் முன்வீச்சு, உயரமாக நிறுத்தம். ராடைத் தரையை நோக்கி வெட்டினால் லைனும் தரையில் உருண்டு குவியும். இது கோடாலி போடும் வேலை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். வழக்கமான முன்வீச்சேதான் இது, பின்வீச்சு மட்டும் இல்லை.

மழைநாளுக்கு

உடைந்த ராடின் நுனித்துண்டு ஒன்றோ, மெல்லிய மூங்கிலோ, 1 முதல் 1.2 மீட்டர். அக்ரிலிக் உல்லன் நூலை மூன்று இழையாகப் பின்னி 4 மீட்டருக்கு ஒரு சரடு செய்து நுனியில் கட்டுங்கள். அடிப்பக்கம் துணி சுற்றினால் கைப்பிடி. ஹாலில், ஃபேனை நிறுத்திவிட்டு, இதை வீசலாம். காற்றுத் தடை அதிகமாக இருப்பதால் சரடு மெதுவாகப் பிரியும், லூப்பை நிதானமாகப் பார்க்கலாம். சரடு நீண்டு நிற்காமல் தொங்கினால் மெல்லியதாகிவிட்டது, இன்னொரு இழை சேருங்கள். நிறுத்தமும் நேர்ப்பாதையும் பழக இது போதும். காத்திருப்பைப் பழக மட்டும் இது உதவாது, ஏனென்றால் உண்மை லைனின் நேரக்கணக்கு வேறு.

இடக்கையால் லைனை இழுத்து வேகம் கூட்டும் ஹால் முறைக்கு அவசரம் வேண்டாம். 9 மீட்டரில் பத்துக்கு எட்டு லூப் குறுகலாக வருமுன் அதைத் தொட்டால், அகலமான லூப்பை வேகமாக அனுப்பக் கற்றுக்கொள்வீர்கள், அவ்வளவுதான். சிற்றோடை ட்ரவுட்டுக்கு 9 மீட்டருக்கு மேல் அபூர்வமாகத்தான் தேவைப்படும். தூரத்தைவிடக் குறி முக்கியம்: 6, 9 மீட்டரில் பழைய சைக்கிள் டயர் ஒன்றைப் போட்டு அதற்குள் உல்லன் துண்டை இறக்கிப் பழகுங்கள்.

முடித்தபின் லைனை ஈரத்துணிக்குள் விட்டு இழுத்தபடி ரீலில் சுற்றுங்கள். அழுக்கு அதிகமானால் வெதுவெதுப்பான நீரில் குளியல் சோப்பு கொஞ்சம், பிறகு நல்ல தண்ணீர். துணி சோப்புத்தூள் வேண்டாம். கொசு விரட்டிக் களிம்பில் டீட் இருந்தால் அது லைனின் பிவிசி பூச்சை இளக்கிவிடும், தடவிய கையோடு லைனைத் தொடாதீர்கள். மூட்டு கழலவில்லை என்றால் வளையங்களைப் பிடித்துத் திருகக் கூடாது. ராடை முழங்கால்களுக்குப் பின்னால் வைத்து, மூட்டின் இரு பக்கமும் கைகளால் பிடித்து, முழங்கால்களை மெல்ல விரித்தால் நேராக இழுபட்டுக் கழன்றுவிடும்.